திசைக்கொடியை நம்பலாமா?

இன்டெல் 1978-இல் வெளியிட்ட 8086 செயலியில் சரக் கட்டளைகள் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை ஒரே ஒரு பிட் தீர்மானிக்கிறது. கொடிப் பதிவகத்தின் 10-ஆம் பிட்டான திசைக்கொடி அது. சுழியமாக இருந்தால் எஸ்ஐ, டிஐ பதிவகங்களிலுள்ள முகவரிகள் ஏறும். ஒன்றாக இருந்தால் இறங்கும். சிஎல்டி கட்டளை அதைச் சுழியமாக்கும், எஸ்டிடி ஒன்றாக்கும். ஆகவே நகலெடுக்கும் மூவ்எஸ்பி என்ற கட்டளை வரியை மட்டும் படித்தால் நகல் எத்திசையில் போகும் என்பது தெரியாது. அதைச் சொல்லும் வரி வேறெங்கோ இருக்கிறது.

நிரல்களின் பகுதிகள் ஒன்றையொன்று அழைக்கும் முறையை வரையறுக்கும் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் ஏபிஐ இதற்கு ஒரு விதி வகுத்தது: ஃபங்ஷனுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் திசைக்கொடி சுழியமாக இருக்க வேண்டும். நல்ல விதி. ஒன்றின்மேல் ஒன்று படியும் நினைவகப் பகுதிகளை மெம்மூவ் நகர்த்துவது போன்ற சில இடங்களில்தான் பின்னோக்கிய நகல் தேவைப்படுகிறது. அந்தச் சில இடங்களுக்காக ஒவ்வொரு நகலுக்கு முன்பும் சிஎல்டி போடுவது வீண்.

ஆனால் இந்த விதி ஃபங்ஷன் அழைப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். குறுக்கீடு அப்படி அழைப்பின் வழியே வருவதில்லை. எஸ்டிடிக்கும் சிஎல்டிக்கும் நடுவிலும் வந்துவிடும். அப்போது செயலி திசைக்கொடியைத் தானாகச் சுழியமாக்குவதுமில்லை. 2008-இல் வந்த ஜிசிசி 4.3 கம்பைலர், ஏபிஐயை நம்பி, சரக் கட்டளைகளுக்கு முன் சிஎல்டி இடுவதைக் கைவிட்டது. லினக்ஸ் கெர்னலோ, குறுக்கீட்டைப் போலவே நடுவில் வரும் சிக்னலுக்கான ஹேண்ட்லரை அழைக்கும்முன் கொடியைச் சுழியமாக்காமல் இருந்தது. பின்னோக்கிய நகலின் நடுவே சிக்னல் வந்தால், ஹேண்ட்லரில் உள்ள நகலும் பின்னோக்கி ஓடி, தொடர்பில்லாத தரவை அழித்துவிடும். ஏபிஐயை மீறியது கெர்னல்தான். திருத்தமும் அங்கேதான் செய்யப்பட்டது. ஆயினும் பழைய கம்பைலர்கள் இட்டுவந்த அந்தத் தேவையற்ற சிஎல்டிதான் அதுவரை பிழையை மறைத்து வைத்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய கெர்னல்களில் ஓடும் நிரல்களுக்காக ஜிசிசியில் எம்சிஎல்டி என்ற விருப்பத்தேர்வு சேர்க்கப்பட்டது.

ஒப்பிட்டவை சமமா என்பதைக் காட்டும் சுழியக்கொடி பற்றிய அனுமானம் இதைவிட மோசமானது. அதற்கு எந்த ஏபிஐயின் காவலும் இல்லை. ரெப்இ சிஎம்பிஎஸ்பி கொண்டு இரு சரங்களை ஒப்பிட்டு, உடனே சுழியக்கொடியைப் பார்த்துக் கிளை பிரிவது வழக்கம். நீளம் சுழியமானால் ஒப்பீடு ஒருமுறைகூட நடக்காது, கொடிகளும் மாறாது. முந்தைய கணக்கு விட்டுச்சென்ற மதிப்பே விடையாகிவிடும். இரண்டு வெற்றுச் சரங்கள் சமமல்ல என்று நிரல் முடிவுகட்டக்கூடும். முன்வரியில் சிஎக்ஸை அதனோடே ஒப்பிடும் ஒரு சிஎம்பி போட்டால் போதும், சுழியக்கொடி ஒன்றாகி விடை சரியாகும்.

சாதாரண ஃபங்ஷனுக்குள் திசைக்கொடியை நம்பலாம். குறுக்கீட்டு வாயிலில் நம்பக் கூடாது. எஸ்டிடி எழுதுகிறவர், வெளியேறும் வழி ஒவ்வொன்றிலும் சிஎல்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே நிரலை ஒப்படைக்க வேண்டும்.