கம்பிவலையில் ஓர் இறையில்லம்

சவூதிக் கலைஞரும் கணித ஆசிரியருமான அஜ்லான் காரிம், 2015ஆம் ஆண்டு ரியாதுக்கு வெளியே பாலைவெளியில் எழுப்பிய உருக்குப் பள்ளிவாசலுக்குச் 'சுவனத்திற்குப் பல வாயில்கள் உண்டு' எனப் பெயரிட்டார். இரும்புக் குழாய்களைச் சட்டமாக நிறுத்தி, வேலியடைக்கும் கம்பிவலையைச் சுவராகப் பொருத்தியிருக்கிறார். குவிமாடமும் மினாராவும் அவ்வாறே. உள்ளே தொழுகை விரிப்பு, இரவில் விளக்கொளி. 2018இல் இது கனடாவின் வான்கூவரில் நிறுவப்பட்டது. 2021இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வழங்கும் ஜமீல் பரிசை அவருக்குப் பெற்றுத் தந்ததும் இதுவே. நான் இதனைப் படங்களில் கண்டே எழுதுகிறேன்.

இறையில்லத்தைக் கூண்டாக்கிவிட்டாரே என்று நம்மில் பலர் மனம் நோவர். அந்நோவில் நியாயமுண்டு. குவாண்டனாமோவில் 2002இல் கைதிகளை அடைத்த கூண்டுகள் இத்தகைய வலையால் ஆனவை; அகதிகளைத் தடுக்கும் எல்லைகளிலும் இதுவே நிற்கிறது. ஆனால் பொருளின் எளிமை இழிவாகாது. மதீனாப் பள்ளியின் தூண்கள் ஈச்சமரத் தண்டுகள், கூரை ஈச்சமட்டை. மழைநீர் ஒழுகி, ஸுஜூது செய்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நெற்றியில் சேறு படிந்த செய்தியை ஹதீஸ் மாணவர் அனைவரும் அறிவர்.

கெய்ரோவின் பழைய வீடுகளில் 'மஷ்ரபிய்யா' எனும் மரச்சல்லடைச் சாளரம் உண்டு. உள்ளிருப்பவர் வெளியைக் காணலாம். வெளியிலிருப்பவர் உள்ளே காணவியலாது. அது மறைப்பின் கலை. கம்பிவலையோ இரு பக்கத்தாருக்கும் ஒரே அளவில் காட்சி தருகிறது. உள்ளே என்ன நடக்கிறதோ என்று ஐயுறும் அண்டை வீட்டாருக்கு மட்டுமன்று, வெளியுலகை ஐயுறும் நமக்கும் அது விடையாகிறது. இப்படைப்பின் வலிமை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

குறையும் உண்டு. சுவரைத் துணிந்து களைந்தவர், குவிமாடத்தையும் மினாராவையும் ஏன் விடவில்லை? நபிகளார் காலத்துப் பள்ளியில் இரண்டுமே இல்லை. மேலும் கம்பிவலை தட்டையாக விரியும் இயல்புடையது; கோளமாக வளைய மறுப்பது. வளைந்த குழாய்களே அவ்வடிவைத் தாங்குகின்றன. வலை அவற்றின்மேல் இழுத்துப் பொருத்திய போர்வைதான். பார்த்தவுடன் 'பள்ளிவாசல்' என்று அயலார் அடையாளம் காண்பதற்காகவே அவ்வடிவம் தேவைப்பட்டதெனில், கலைஞர் பேசுவது யாரோடு? தொழுபவனோடா, வேடிக்கை பார்ப்பவனோடா?

பெயரைப் பற்றியும் ஒரு சொல். சுவனத்தின் வாயில்கள் எட்டு என்பது நபிமொழி. அவை நற்செயல்களுக்கு உரியவை, நோன்பாளிக்கு ரய்யான் என்பதுபோல. 'பல' என்ற சொல்லை எல்லாச் சமயங்களும் ஒன்றே எனும் பொருளில் விரிப்போருக்கு ஹதீஸ் துணை நிற்காது.

வக்ஃபு செய்யப்படாமல் ஊர்ஊராகக் கழற்றிப் பூட்டப்படும் இக்கட்டடம் ஃபிக்ஹு நோக்கில் மஸ்ஜித் ஆகாது. அங்கே காணிக்கைத் தொழுகையும் இல்லை, இஃதிகாஃபும் இல்லை. ஆயினும் கிப்லாவை நோக்கி அவ்விரிப்பில் ஒருவர் தொழுதால் தொழுகை நிறைவேறும். அவருக்கு முன்னே ஸுத்ராவாக நிற்பது அந்தக் கம்பிவலை.