சிங்கப்பூர்த் தமிழிசை வரலாற்றில் விடுபட்ட பேண்டுகள்

1967 நவம்பரில் பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைத் தி ஃபவுண்டேஷன்ஸ் என்ற சோல் பேண்டு பிடித்தது. 1960களில் அந்த இடத்தை எட்டிய முதல் பல்லினக் குழு அதுதான். லண்டனின் பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஒத்திகை பார்த்து உருவான அந்தக் குழுவில் பாடகர் கிளெம் கர்ட்டிஸ் டிரினிடாட்டைச் சேர்ந்தவர். டிராம்போன் ஊதிய எரிக் அலண்டேல் டொமினிக்காவில் பிறந்தவர். ஆர்கன் வாசித்த டோனி கோமஸ் பிறந்தது கொழும்பில். அவர்கள் வாசித்த இசையோ அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலும் ரிதம் அண்ட் புளூஸிலும் வேர்விட்டது. 1968இல் கர்ட்டிஸ் விலக, பார்படோஸைச் சேர்ந்த காலின் யங் வந்து 'பில்ட் மீ அப் பட்டர்கப்' பாடினார். 1970இல் குழு கலைந்துவிட்டது. வாழ்ந்தது மூன்றே ஆண்டு. வாசித்தவர்களில் பாதிப் பேர் கடல்கடந்து வந்தவர்கள். பாணியோ அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்தது. ஆனாலும் பிரிட்டிஷ் இசை வரலாறு அவர்களைப் பிரிட்டிஷ் சோல் பேண்டு என்றே எழுதிவைத்திருக்கிறது.

அதே ஆண்டுகளில் சிங்கப்பூரிலும் இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகள் கிட்டாரும் டிரம்ஸும் ஏந்தி மேடை ஏறினார்கள், இசைத்தட்டு வெளியிட்டார்கள், நாடு முழுவதும் பெயர் பெற்றார்கள். ஆனால் நம் சிங்கப்பூர்த் தமிழிசை வரலாறு அவர்களைக் கடந்து போய்விடுகிறது. அந்த வரலாறு பெரும்பாலும் மூன்று வழிகளில் நடக்கிறது: 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தை ஒட்டிய கர்நாடக இசை, கோயில்களின் பக்தி இசை, திரைப்பாட்டு மேடைகளிலிருந்து வானொலி, தொலைக்காட்சிக்கு நீண்ட மெல்லிசை. மூன்றும் மதிப்புக்குரியவையே. ஆனால் பாட்டு எந்த மொழியில் இருக்கிறது, எந்த மரபைச் சேர்ந்தது என்ற ஒரே அளவுகோலை வைத்து அளப்பதால், நான்காவதாக ஒரு வழி நம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. யார் வாசித்தார்கள், எந்தச் சூழலில் கற்றார்கள், எந்த ஊரின் காதுக்காக வாசித்தார்கள் என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த வரலாறு முழுமை பெறும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1961இல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரின் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் வாசித்தது இங்கே பேண்டு அலைக்குத் தொடக்கம் என்பார்கள். அது தூண்டுதல், மண் முன்பே பதப்பட்டிருந்தது. ரிடிஃப்யூஷன் வானொலி 1949 முதல் கம்பி வழியே வீடுகளுக்கு இசையைக் கொண்டுவந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் சாங்கி, சிலேத்தார், தெங்கா விமானப்படைத் தளங்களிலும் இருந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கு மனமகிழ் மன்றங்கள் இருந்தன. அங்கே வாசிக்கப் பேண்டுகள் தேவைப்பட்டன. அந்தத் தளங்களில், குறிப்பாகச் செம்பவாங்கில், தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாக வேலைபார்த்தார்கள். நகரில் ஆர்ச்சர்ட் சாலையின் கோல்டன் வீனஸ் போன்ற இடங்களில் ஞாயிறு பிற்பகல் தேநீர் நடனங்கள் நடந்தன. கேட்கக் காது, வாசிக்க மேடை, கையில் கொஞ்சம் ஊதியம் என மூன்றும் ஒரே ஊரில் கிடைத்த காலம் அது. கிட்டார் பழக ஒரு பிள்ளைக்குப் பரம்பரை தேவைப்படவில்லை, குருகுலமும் தேவைப்படவில்லை. கர்நாடக இசையின் வாசல் எல்லார்க்கும் எளிதில் திறந்திராத காலத்தில் இது சிறிய விஷயமல்ல.

நவோமி அண்ட் தி பாய்ஸ் குழுவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நவோமி சூரியா பாட, அவருடைய அண்ணன் ராபர்ட் சூரியா உடன் வாசித்த குழு அது. 1965இல் ஃபிலிப்ஸ் வெளியிட்ட அவர்களின் 'ஹேப்பி ஹேப்பி பர்த்டே பேபி' சிங்கப்பூரில் பெரும் வெற்றி பெற்றது. மூலப் பாட்டு தி டியூன் வீவர்ஸ் என்ற அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் குழு 1957இல் பாடியது. பிரிந்துபோன காதலனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் மெதுநடைப் பாட்டு. கறுப்பினக் குழு ஒன்றின் துயரப் பாட்டை, எட்டு ஆண்டு கழித்து, இந்தியக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சிங்கப்பூரில் பாடுகிறாள். ஊரே அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொள்கிறது. பெண்கள் பேண்டின் முன்னால் நின்று பாடுவதைப் பல குடும்பங்கள் விரும்பாத காலத்தில், அண்ணன் பக்கத்தில் கிட்டாரோடு நிற்க, தங்கை ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறார். நம் சமூகத்துப் பெண்களின் கலை வாழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறவிடக் கூடாத செய்தி இது.

நவோமி தனியாளும் அல்லர். தி சைக்ளோன்ஸ் என்ற பெயரில் சிவா சோய், ஜேம்ஸ் சோய் சகோதரர்கள் ரிதம் அண்ட் புளூஸ் பாடினார்கள். சிவா சோய் பின்னர் 1991இல் 'வை யூ சோ லைக் தட்' வழியே சிங்கப்பூரின் பேச்சு ஆங்கிலத்தையே பாட்டாக்கினார். 'ஷான்டி' என்ற கருவியிசையால் 1964இல் உள்ளூர்ப் பட்டியலின் உச்சிக்குப் போன தி குவெஸ்ட்ஸ் குழுவில் முன்னணிக் கிட்டார் வாசித்துப் புகழ்பெற்ற ரெஜி வர்கீஸ், பிறகு இசைத்தட்டுத் தயாரிப்பாளராகவும் நின்றார். பேண்டு உலகுக்கு வெளியே, செவ்வியல் கிட்டாரில் அலெக்ஸ் அபிஷேகநாதன் பல தலைமுறைகளுக்கு ஆசானாக இருந்தார். 1981இல் பல்கலைக்கழகக் கிட்டார் குழுவை அமைத்தார். 1988இல் கலாசாரப் பதக்கம் பெற்றார். இந்தப் பெயர்களை ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தால், இவை தற்செயலான சில விதிவிலக்குகள் அல்ல, ஒரு தொடர்ச்சி என்பது விளங்கும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. ஆங்கிலத்தில் பாடினார்கள், பிறர் பாட்டைப் பாடினார்கள். இதில் தமிழ் எங்கே என்பது அது. ஆனால் நாம் தயக்கமின்றித் தமிழிசை என்று கொண்டாடும் திரையிசையை எடுத்துக்கொள்வோம். விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்திலேயே அதில் கிட்டாரும் அக்கார்டியனும் லத்தீன் தாளமும் புகுந்துவிட்டன. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். ஒலியின் கலப்பு தமிழ்த்தன்மைக்குக் குறை இல்லை என்று நாம் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம். எஞ்சுவது சொற்கள் மட்டுமே. சொல் இல்லாத கருவியிசைக்கு அந்த அளவுகோல் பொருந்தவே பொருந்தாது. பாட்டுக்குக்கூட அது பாதி உண்மையைத்தான் சொல்லும். ருத்ரா பேண்டு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1992இல் சிங்கப்பூரில் தொடங்கி, இடையில் ஒருமுறை கலைந்து மீண்டும் கூடிய இந்த டெத் மெட்டல் குழு 1998இல் முதல் ஆல்பத்தையும் 2005இல் 'பிரம்மவித்யா' வரிசையின் முதல் பகுதியையும் வெளியிட்டது. விரைந்து அதிரும் கிட்டார், இடைவிடாத இரட்டை பேஸ் டிரம், அடித்தொண்டை உறுமல், அவற்றின் நடுவே சமஸ்கிருதச் சுலோகம் என்பது அவர்களின் பாணி. வேதிக் மெட்டல் என உலக மெட்டல் ரசிகர்கள் அதை அழைக்கிறார்கள். பாட்டின் மொழி ஆங்கிலமும் சமஸ்கிருதமும். ஆனால் இசை ஆய்வாளர் யூஜின் தைரியநாதன் 2009இல் வெளியிட்ட கட்டுரை, சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலை ஆராய இந்தக் குழுவையே எடுத்துக்கொண்டது. ஆங்கில ஆய்வுலகம் கண்ட தொடர்பைத் தமிழில் எழுதுகிறவர்கள் காணாமல் விடுவது சரியல்ல.

இரண்டாவது மறுப்பு இதைவிட நுட்பமானது. குவெஸ்ட்ஸ் குழுவில் சீனரும் இருந்தார்கள். வர்கீஸ் என்பது மலையாளக் கிறிஸ்தவப் பெயர். எல்லாரும் சேர்ந்து ஆக்கியதைத் தமிழர் கணக்கில் எழுதிக்கொள்வது ஆகாது என்பார்கள். அப்படி எழுதிக்கொண்டால் அது தவறுதான். ஆனால் ஒரு வரலாற்றைத் தமிழில் எழுதுவது வேறு, அதற்குத் தமிழர் உரிமை கொண்டாடுவது வேறு. ஃபவுண்டேஷன்ஸ் குழுவை டிரினிடாட்டின் வரலாறும் எழுதலாம், பிரிட்டனின் வரலாறும் எழுதலாம், இலங்கையின் வரலாறும் எழுதலாம். ஒன்று எழுதுவதால் மற்றொன்றுக்குக் குறைவில்லை. சொல்லப்போனால், சீனர், மலாய்க்காரர், யூரேசியர் என எல்லாரோடும் தோளுரசி வாழ்ந்த சிங்கப்பூர்த் தமிழர் வாழ்க்கையைச் சபாவின் கச்சேரி மேடையைவிட பேண்டு மேடைதான் உண்மையாகக் காட்டுகிறது.

மூன்றாவது மறுப்பு, இவர்கள் நிலைக்கவில்லை என்பது. நிலைக்காததற்குக் காரணம் கலையின் குறை அன்று. 1967இல் தேசிய சேவை என்ற கட்டாய இராணுவப் பணி வந்தது. பேண்டு வயதுப் பிள்ளைகள் சீருடை அணிந்தார்கள். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. மன்றங்களின் வருமானம் போயிற்று. 1970களில் நீள முடிக்கு எதிரான இயக்கமும் நடன அரங்குகள்மீதான கெடுபிடியும் சேர்ந்துகொண்டன. 1972இல் லெட் செப்பலின் குழுவே முடி காரணமாக நாட்டுக்குள் நுழைய முடியாமல் திரும்பியது. மேடை பறிபோனபின் வாசிப்பவர் எப்படி நிலைப்பார்? மேலும், குறுகிய ஆயுள் புறக்கணிப்புக்குக் காரணமாகாது என்பதற்கு மூன்றாண்டு வாழ்ந்த ஃபவுண்டேஷன்ஸே சான்று.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. தேசிய நூலக வாரியத்துடன் இணைந்து 2015இல் இலக்கியத்தில் தொடங்கிய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் நாடகம், இசை, நடனம் எனத் தொடர்ந்திருக்கிறது. அதன் இசைப் பிரிவு இந்தக் குழுக்களுக்கும் இடம் தரலாம். 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று நிலையம் மூத்த இசைஞர்களிடம் கேட்டுப் பதிவுசெய்வதைப் போல, நம் தமிழ் இதழ்களும் அவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுக்கலாம். லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம், வீணைக்கும் மிருதங்கத்துக்கும் அருகே 1965ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றையும் வைக்கலாம். 1960களின் இசைஞர்கள் பலர் இப்போது எண்பதை நெருங்குகிறார்கள், சிலர் மறைந்தும்விட்டார்கள். சிவா சோய் 2018இல் காலமானார். அவர்களின் நினைவுகளைக் கேட்டுத் தமிழில் எழுதிவைக்கும் பொறுப்பு நம்முடையது. அதை வேறு யாரும் நமக்காகச் செய்யப்போவதில்லை.