மதுரை காணச் செல்வார் முற்படக் கற்கும் நூல்கள்

புதியதொரு நகரைக் காணச் செல்வோர் அந்நகர் பற்றிய நூல்களை முற்படக் கற்றுச் செல்லுதல் நன்று என்பது யாவர்க்கும் உடன்பாடே. எந்நூலை எதன்பொருட்டுக் கற்றல் வேண்டும் என்பதிலேதான் கருத்து வேறுபாடு எழுகின்றது. மதுரைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் சிலர், மதுரைக்காஞ்சியையும் சிலப்பதிகாரத்தையும் திருவிளையாடற் புராணத்தையும் ஒரு நிகராக வைத்து, மூன்றனையும் ஊர்ப்படம் போலக் கையாளுகின்றனர். அது பொருந்தாது என்பது எம் துணிபு.

இன்று நாம் காணும் ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளின் அமைப்பு நாயக்கர் காலத்தில் உருப்பெற்றது. அக்காலக் கோட்டை மதிலும் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் ஆட்சியில் இடிக்கப்பட்டது. சங்ககாலக் கூடல் நின்ற இடம் யாது என்பதோ அறிஞரிடையே இன்னும் முடிவு பெறாத வினா. 2014-15இல் அகழாய்வு தொடங்கிய கீழடி, நகரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தென்கிழக்கே உள்ளது. இந்நிலையில், மாங்குடி மருதனார் பாடிய மதிலை மாசி வீதியிலே தேடும் மாணவன் அம்மதிலையும் காணான். மாசி வீதியையும் காணான்.

ஆயின் மதுரைக்காஞ்சியால் பயன் இல்லையோ எனின், உண்டு. 782 அடிகளையுடைய அப்பாட்டு அகழி, மதில், வாயில், தெரு என இடம்பற்றித் தொடங்கினும், விரைவில் அந்நெறியை விட்டுப் பொழுதின்வழிச் செல்கின்றது. நாளங்காடி ஆரவாரிக்கின்றது; மாலையில் அல்லங்காடி தலைப்படுகின்றது; பின்னர் யாமங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிகின்றன. மூன்றாம் யாமத்தில் நூலேணியொடு திரியும் கள்வரும் அவரை நாடித் திரியும் ஊர்காவலரும் தோன்றுவர். விடியலில் அந்தணர் வேதம் பாட, யாழோர் மருதம் பண்ணுவர். மதில் பெயரும், தெரு மாறும். ஓர் அங்காடி அடங்க மற்றோர் அங்காடி எழும் பொழுதொழுங்கு அத்துணை எளிதில் மாறுவதன்று. தூங்கா நகர் என்று இன்று வழங்கும் ஊருக்குச் செல்வான், எங்கே நிற்பது என்பதை அன்றி, எப்பொழுது விழித்திருப்பது என்பதை இப்பாட்டிலிருந்து கற்கலாம். நகர்ப்பகுதியை மட்டும் தனியே பிரித்துக் கற்பித்தல் தவறு என்பதையும் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். ஆண்டு மாய்ந்த அரசர் கடல் மணலினும் பலர் என நெடுஞ்செழியனுக்கு நிலையாமை உணர்த்தும் பாட்டு அது. அவ்வுணர்வை நீக்கினால் எஞ்சுவது கடைகளின் பட்டியலே.

திருவிளையாடற் புராணம் பற்றி நீளக் கூற வேண்டுவதில்லை. அதன் அறுபத்து நான்கு கதைகளுட் சிலவேனும் அறியாதவனுக்குக் கோயிற் சிற்பங்கள் ஊமையாகவே நிற்கும். பிட்டுக்கு மண் சுமந்த கதை ஆவணி மூல விழாவில் இன்றும் நிகழ்த்தப்பெறுகின்றது.

சிலப்பதிகாரத்தின் நிலை வேறு. ஊர்காண் காதையில், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விடுத்துக் கோவலன் தனியனாய் நகர் புகுகின்றான். மணிகளின் குணமும் குற்றமும் ஆராயும் வணிகர் தெருவைக் காண்கின்றான், நால்வகைப் பொன்னும் கொடியால் அறியப்படும் தெருவைக் கடக்கின்றான், கூலக்கடை காண்கின்றான், மகிழ்ந்து மீள்கின்றான். புதியோன் கண்ணுக்கு நகர் எவ்வாறு தோன்றும் என்பதை இத்துணைச் செவ்வையாகக் காட்டும் பகுதி தமிழில் அரிது. ஆயினும் அப்பொற்கடைத் தெருவில் அவன் ஐயுறத்தக்கது ஒன்றும் காணவில்லை என்பதை நோக்குக. பொற்கொல்லன் ஒருவனாலேயே அவன் உயிர் போகவிருக்கின்றது. இளங்கோவடிகள் அங்கு அதனைக் குறிப்பாலும் உணர்த்தாது விடுகின்றார். நகர்க்காட்சியை வருணனை என்று கடந்து செல்வோர் இதனைத் தவறவிடுகின்றனர்.

ஊர்ப்படமாகவே பயன்கொள்ளத்தக்க பகுதியும் அக்காப்பியத்தில் உண்டு. அது நகருக்கு வெளியே உள்ளது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கொடும்பை நெடுங்குளத்தின் அருகே மூன்றாகப் பிரியும் வழிகளைக் கூறுகின்றான். வலத்தே சென்றால் சிறுமலை, இடத்தே சென்றால் திருமால்குன்றம், இடைவழி அணங்குடைத்து. சிறுமலையும் அழகர்மலையும் இன்றும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

ஆகலின் எம் மாணவர்க்குக் காடுகாண் காதையைப் புறப்படுமுன்னும், மதுரைக்காஞ்சியை ஊரில் தங்கும் முதல் இரவிலும் கற்பிக்க விரும்புகின்றோம். ஊர்காண் காதையை அவர்கள் கடைத்தெருக்களைத் தாமே சுற்றி மகிழ்ந்து மீண்ட பின்னரே கையிற் கொடுப்போம்.