இருட்டறையில் பிறந்த கதிரவன் கீதம்

துன்ப நாளில் இறைமக்களைப் புகழ்ப்பாடலில் வழிநடத்துவது எளிதன்று. பாடகர் குழு உற்சாகமாகத் தொடங்கிவிடும்; பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தி பின்வரிசையில் வாய்திறவாமல் அமர்ந்திருப்பாள். அவளையும் அரவணைக்காத ஆரவாரம் புகழ்ச்சியாகுமா? இக்கேள்வியோடுதான் அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் கதிரவன் கீதத்தை நாம் அணுகுகிறோம்.

ஐந்து காய வரம் பெற்ற மறு ஆண்டாகிய 1225-இல், சான் தமியானோவில் நோயுற்றுக் கிடந்தபோது அவர் இதனை இயற்றினார். பகலில் வெயிலையும் இரவில் விளக்கொளியையும் அவருடைய கண்கள் தாங்கவில்லை. எலிகளின் தொல்லையால் உறக்கமும் இல்லை. வெளிச்சமே வேதனையாகிவிட்ட ஒருவர் கதிரவனைப் பாடுகிறார். அதுவும் இலத்தீனில் அன்று, தம் ஊர் மக்களின் பேச்சுமொழியில்.

எனினும் தம் வேதனையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'என் ஆண்டவர்' என்னும் உரிமைச் சொல்லில் மட்டுமே பாடுபவரின் தனிக்குரல் கேட்கிறது; ஒளியும் மண்ணும் சாவும் 'நமக்கு' உரியவை. பலர் கூடிப் பாடத்தக்க பாடலாக இதனை ஆக்குவது இப்பன்மையே என்பது நம் கருத்து. நோய் என்ற சொல் வருவதோ மன்னிப்போரைப் போற்றும் பகுதியில். அங்கும் அது பிறருடைய நோயே.

எரிதீச்சூளையில் நின்ற மூன்று இளைஞர்கள் படைப்புகளை நோக்கி 'வாழ்த்துங்கள்' என ஆணையிட்டார்கள். அசிசியார் ஆணையிடவில்லை. அவர் கையாளும் 'பெர்' என்னும் சிற்றிடைச்சொல் 'காக', 'வழியாக', 'ஆல்' என மூன்று பொருளும் தரவல்லது. தமிழில் பெயர்ப்பவர் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். மற்ற இரண்டும் நழுவிப்போகும். மெட்டோ முற்றிலும் தொலைந்துவிட்டது. அசிசியின் பழைய கையெழுத்துப்படியில் இசைக்குறிப்புக்கென விட்ட இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

அந்த மன்னிப்புப் பகுதிக்கு ஒரு வரலாறு உண்டு. அசிசியின் ஆயரும் நகரத் தலைவரும் பகைகொண்டிருந்தனர். அசிசியார் அப்பகுதியைப் புதிதாகச் சேர்த்து, இருவர் முன்னிலையிலும் பாடும்படி தம் சகோதரர்களை அனுப்பினார், பகை தீர்ந்தது. பாடுவோருக்கு அவர் வகுத்த முறையும் கருதத்தக்கது: முதலில் மறையுரை, அடுத்து எல்லாரும் சேர்ந்து பாடல், இறுதியில் 'நாங்கள் ஆண்டவரின் பாணர்கள், உங்கள் மனமாற்றமே எங்களுக்குப் பரிசில்' என்னும் விண்ணப்பம். கைத்தட்டலைப் பரிசிலாகக் கொள்ளும் நம் குழுக்கள் சில இதனைப் படிக்கலாம்.

1226-இல், சாவு நெருங்கிய நாள்களில், ஆயர் இல்லத்தில் பாட்டொலி ஓயவில்லை. சாவை எண்ண வேண்டியவர் இப்படி மகிழ்வதா என்று ஊரார் ஐயுறுவார்களே எனச் சகோதரர் எலியா தயங்கினார். அத்தயக்கத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். பின்வரிசைத் தாயின் பக்கத்திலிருந்து எழும் கேள்வி அது. அசிசியாரோ பாடலை நிறுத்தவில்லை. சகோதரி சாவுக்கும் ஒரு பகுதி சேர்த்தார். அவருக்காகப் பாடிய லியோவும் ஆஞ்சலோவும் கண்ணீர் பெருகவே பாடினர் என்று பழைய தொகுப்பு சொல்கிறது.