நாலாவது கம்பி

பேஸ் கிட்டாரில் இருப்பதிலேயே தடித்தது நாலாவது கம்பி. விரல் வைக்காமல் அதைச் சுண்டினால் எழுவது 41 ஹெர்ட்ஸ். அலமாரியில் வைக்கிற அளவுள்ள சின்ன ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸை நெருங்கும்போதே தளர்ந்துவிடும். ஆனாலும் அந்த ஸ்வரம் நமக்குக் கேட்டமாதிரியே இருக்கும். 82, 123 என்று அதற்கு மேலே அடுக்கடுக்காக எழும் ஒலிகளை வைத்து, அடியில் இருந்திருக்க வேண்டியதை மூளையே நிரப்பிக்கொள்கிறது. இளையராஜா பாட்டுகளின் அஸ்திவாரத்தை ஆண்டுக்கணக்காக நான் இப்படி மூளையின் தயவில்தான் கேட்டுவந்தேன். இப்போது எங்கள் கூடத்தில் அடித்தள ஒலிக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபர் இருக்கிறது. அந்த 41 ஹெர்ட்ஸ் நேரடியாக வந்து நெஞ்சில் உட்காருகிறது. இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை!

சப்வூஃபர் என்றதும் கண்ணாடி அதிரத் தெருவைக் கடக்கும் கார்தான் பலருக்கு நினைவு வரும். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். ஒழுங்காக அமைத்த சப்வூஃபர் எங்கே இருக்கிறது என்றே தெரியக் கூடாது. அடித்தள ஒலி முழுக்க முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வருவதாகத் தோன்ற வேண்டும். அதை அணைக்கும்போதுதான் அது இவ்வளவு நேரம் வேலை செய்துகொண்டிருந்தது தெரிய வேண்டும். அந்த நிலைக்குக் கொண்டுவருவதில் விலையைவிட இடத்துக்குத்தான் பங்கு அதிகம்.

என்னிடம் இருப்பது ஐந்து அங்குல வூஃபர் கொண்ட ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஒரு ஏவி ரிசீவர், பத்து அங்குல சப்வூஃபர். சப்வூஃபரில் ஓட்டை வைத்த பெட்டியும் உண்டு, முழுக்க மூடிய பெட்டியும் உண்டு. நான் மூடியதைத் தேர்ந்தெடுத்தேன். அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரில் இந்த வழியைக் கொண்டுவந்தார். அதுவரை ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று அவர் கண்டுகொண்டார். கோனைத் தளர்வாகத் தொங்கவிட்டார், உள்ளிருக்கும் காற்று அதை இழுத்துப் பிடித்தது, பெட்டி சுருங்கியது. எத்தனை அழகான யோசனை! காசு கொடுத்து வாங்க வேண்டாத காற்று, ஸ்பீக்கரின் பாதி வேலையைச் செய்கிறது.

இனி அறைக்கு வருவோம். கதையே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் கூடம் 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 14 அடி இடைவெளியில் எதிரெதிர்ச் சுவர்களில் மோதி மோதித் திரும்பும்போது, 40 ஹெர்ட்ஸ் அலை தன்மேலேயே சரியாகப் பொருந்தி நின்றுவிடும். அந்த ஒலி சுவரோரத்தில் பூதாகரமாகப் பெருகும், அறையின் நட்ட நடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். எங்கள் கூடத்தில் இதில் மாட்டுவது எது தெரிகிறதா? சாட்சாத் அந்த நாலாவது கம்பிதான். உயரத்தின் கணக்கைப் போட்டால் 56 ஹெர்ட்ஸ் வருகிறது. மூன்றாவது கம்பியின் 55க்குப் பக்கத்து வீடு. நம் ஊர்க் கூடங்களில் முக்கால்வாசி இந்த அளவில்தான் இருக்கும். போதாததற்கு நம்முடையவை செங்கல்லும் கான்கிரீட்டும். அமெரிக்காவின் மரச்சட்ட வீடுகளில் சுவரே கொஞ்சம் அசைந்துகொடுத்து பேஸை உறிஞ்சிக்கொள்ளும். நம் சுவர் எதையும் வாங்கிக்கொள்ளாது, வந்ததை வந்தபடி திருப்பி அனுப்பும். ஆகவே உட்காரும் இடத்தையும் பெட்டி வைக்கும் இடத்தையும் பார்த்துத் தீர்மானிப்பது நமக்கு இன்னும் அவசியம்.

பின்சுவரை ஒட்டிக் கிடந்த சோபாவை நாலரை அடி முன்னால் இழுத்தோம். நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. சுவரோரத்துப் பெருக்கமும் இல்லை, நடு அறையின் பள்ளமும் இல்லை. ஸ்பீக்கர் இரண்டும் சோபாவும் சமபக்க முக்கோணமாக அமைந்தன. ட்வீட்டர் காது உயரத்தில், முகம் லேசாக எங்களைப் பார்த்து. தரையில் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்ததும், டைல்ஸில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்த ‘ஸ்’, ‘ஷ்’ எல்லாம் பதமாகிவிட்டன.

அடுத்தது தவழ்தல். ஒலி ஆர்வலர்கள் காலங்காலமாகச் செய்யும் இந்தச் சடங்கு எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. சப்வூஃபரைத் தூக்கி நாம் உட்காரும் சோபாவின் மேலேயே வைத்துவிட வேண்டும். மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருக்கும் பேஸ் உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, காது தரையோடு இருக்கும்படி சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே போக வேண்டும். ஒலி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனாலும், அங்கிருந்து இங்கே வந்தாலும் அறை அதை நடத்தும் விதம் ஒன்றுதான். அதனால், தவழும்போது எந்த இடத்தில் எல்லா ஸ்வரங்களும் ஒரே எடையில் கேட்கின்றனவோ, அங்கே பெட்டியை வைத்தால் சோபாவில் அப்படியே கேட்கும். மூலைக்குப் போனால் ஒரே முழக்கம், ஸ்வரமே பிரியவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்வரம் பெரிதாக நிற்கிறது, அடுத்தது இல்லவே இல்லை. என்னோடு சேர்ந்து தவழ்ந்த மகள்தான் முன்சுவரில் இடது மூலையிலிருந்து மூன்றடி தள்ளி நின்று, “அப்பா, இங்கே எல்லாமே கேக்குது” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. பெட்டி இன்றும் அங்கேதான்.

ஸ்பீக்கரும் சப்வூஃபரும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். டிஎச்எக்ஸ் தரநிர்ணயம் சொல்வதும் அதுவே. 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலு மீட்டருக்கு மேல். நம் இரண்டு காதுக்கும் இடையே உள்ள தூரத்தை வைத்து அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிவது மிகக் கடினம். சப்வூஃபர் கண்மறைந்து போவதன் ரகசியம் இதுதான். ரிசீவரில் ஸ்பீக்கரை ‘ஸ்மால்’ என்று குறித்தால் 80க்குக் கீழே உள்ளது சப்புக்குப் போய்விடும். சப்பின் முதுகில் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழைக் கடைசிவரை திருப்பிவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வேலையை இரண்டு ஃபில்டர் செய்யும். பிறகு ஃபேஸ், அதாவது சப்பின் அலையும் ஸ்பீக்கரின் அலையும் சேர்ந்து ஏறி இறங்கும்படி பொருத்துவது. 80 ஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் ஓடவிட்டு மகள் குமிழைத் திருப்பத் திருப்ப, எந்த நிலையில் சோபாவில் அது கூடுதலாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்தினோம். அதன்பின் 20இலிருந்து 120 வரை மெல்ல ஏறும் ஒலியை விட்டால், வீட்டில் எதெது அதிர்கிறது என்ற பட்டியல் கைக்கு வந்துவிடும். கொலு பொம்மை அலமாரியின் கண்ணாடி, ட்யூப்லைட் பட்டி, தாத்தா படத்தின் சட்டம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு துண்டு ஃபெல்ட்.

பேஸ் கூடும் என்பது எதிர்பார்த்ததுதான். குரல் இப்படித் தெளியும் என்று யார் நினைத்தது! 80க்குக் கீழே உள்ள பாரம் இறங்கியதும் அந்த ஐந்து அங்குல கோன் முன்னும் பின்னுமாக அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 1980இல் வந்த ‘மூடுபனி’யில் கிட்டாரோடு யேசுதாஸ் பாடுவது ஒன்று போட்டேன். சப்வூஃபர் சேர்த்ததும் அவர் மூச்செடுப்பது துல்லியமாகக் கேட்கிறது! மிருதங்கப் பதிவுகளில் இடது முகமான தொப்பியைக் கையால் அழுத்தி வழுக்கும் கும்கி, உருண்டு திரண்டு வந்து, சொல்லி வைத்தாற்போல் நிற்கிறது. நிற்கிறது என்பதை அழுத்திச் சொல்கிறேன். பேஸ் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதைவிட எவ்வளவு சுத்தமாக முடிகிறது என்பதைத்தான் நான் இப்போது கேட்கிறேன்.

என் மனைவியின் அண்ணன் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். இளையராஜாவின் குழுவில் வாசித்த சசிதரன் என்றால் அவருக்கு உயிர். ‘நினைவெல்லாம் நித்யா’ பாட்டுகளைப் போட்டேன். சோபா நுனிக்கு வந்துவிட்டார். இடது கை தன்னால் காற்றில் கிட்டார் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

“மாப்ளே, இதை மேடையில எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன். இந்த இடத்துல அவர் கம்பியை அமுக்கி அடைச்சுட்டுப் போறார். நான் அதை ஓடவிட்டுட்டு இருந்திருக்கேன். இன்னொரு தடவை போடுங்க.”

“சப்பை நிறுத்திட்டுப் போடவா மச்சான், வித்தியாசம் தெரியும்?”

“ஐயோ, வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.”

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் எழுந்திருக்கவே இல்லை. என் மனைவி தட்டுகளைக் கூடத்துக்கே கொண்டுவந்து, சோபாவில் நடு இடத்தைப் பிடித்துக்கொண்டு, தனக்கு வேண்டிய பாட்டுகளை வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்து இரண்டாவது சப்வூஃபர். ஒன்றே நன்றாக இருக்கும்போது எதற்கு என்று கேட்பார்கள். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒன்றுக்கொன்று நேராக இரண்டை வைத்தால், அந்தத் திசையில் நிற்கும் முதல் அலையை இரண்டும் சேர்ந்து அடக்கிவிடும். 14 அடி இடைவெளியில் நிற்கும் அந்த 40 ஹெர்ட்ஸுக்கு வளரவே இடமிருக்காது. சோபாவின் நடு இடம் மட்டுமல்லாமல் மூன்று பேர் உட்காரும் இடத்திலும் பேஸ் ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும். நடு இடத்துக்கு இப்போது வீட்டில் போட்டி கடுமை என்பதால் இதற்கு எல்லோரும் சம்மதம். முன்சுவரின் நடுவில் டிவி மேசையைக் கொஞ்சம் உயர்த்தினால் ஒரு பெட்டி நுழையும், பின்சுவரின் நடுவில் இருக்கும் தையல் மெஷின் மட்டும் படுக்கையறைக்குப் போக வேண்டும். அளவெடுத்தாயிற்று, போகும்.