இயேசு அவதாரமா? தாம்பரத்தில் நடந்த ஒரு பழைய விவாதம்

போன டிசம்பரில் ஆபீஸ் கேப்ல தாம்பரம் வந்துகொண்டிருந்தோம். கூட வந்தவர், "இயேசுவும் ஒரு அவதாரம்தானே சார்?" என்றார். சர்ச்சுக்குப் போகிற நண்பர் "நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம்" என்றதோடு சரி. ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதில் கிடைத்தது, வெங்கல் சக்கரை ஆங்கிலத்தில் எழுதிய 'ஜீசஸ் தி அவதார்'. சக்கரை பாதிரியார் இல்லை. வக்கீல், தொழிற்சங்கத் தலைவர், பின்னாளில் மெட்ராஸ் மேயர்.

முதலில் அடிப்படை. கிறிஸ்தவத்தில் கடவுள் ஒருவரே. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராக இருக்கிறார். குமாரன் மனிதனானார், அவர்தான் இயேசு. 451இல் கூடிய கால்செடோன் சங்கம் இதை வரையறுத்தது: முழுக் கடவுள், முழு மனிதன், ஆனால் ஒரே ஆள். பாதிப் பாதி கலவை இல்லை, வேஷமும் இல்லை. பசியும் வலியும் சாவும் நிஜம். நடந்தது ஒரே ஒரு முறை.

நம்ம ஊரில் அவதாரம் என்றால் தசாவதாரம்தான் ஞாபகம் வரும். யுகத்துக்கு யுகம் வருவார், வேலை முடிந்ததும் திரும்பிப் போவார். நண்பரின் தயக்கம் இங்கேதான்.

சக்கரைக்கும் இது தெரியும். இந்த அவதாரம் முடிவதே இல்லை என்கிறார். உயிர்த்தெழுந்த இயேசு ஆவியாக மனிதருக்குள் இன்னும் வேலை செய்கிறார். இயேசு தனியே போய் ஜெபிப்பதை வைத்து அவரது மனிதத்தன்மையை விளக்கும் பகுதிதான் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

குறையும் அங்கேயே இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவும் பரிசுத்த ஆவியும் ஒன்றே என்கிற அளவுக்குப் போய்விடுகிறார். மூவரில் இருவர் ஒருவராகிவிட்டால் திரித்துவம் என்ன ஆவது? பழைய வேரியபிள் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே டைப்பை மாற்றினால் வேறெங்கோ பக் வரும். அந்த மாதிரிதான்.

1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு நடந்தது தாம்பரத்தில், அதற்கு முந்தைய வருஷம்தான் இங்கே குடிவந்த கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில். அதற்காகவே ஹெண்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் கடவுள் தன்னை வெளிப்படுத்தியது, எந்த மதத்தின் தொடர்ச்சியும் இல்லை என்பது அவர் கட்சி. சக்கரை, செஞ்சய்யா உள்ளிட்ட குழு அதே வருஷம் 'ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. கிரேமரின் புத்தகத்துக்குச் செஞ்சய்யா எழுதிய மறுப்பும் அதில் இருக்கிறது.

கிரேமரின் எச்சரிக்கை நியாயம்தான், சொற்கள் பழைய சுமையோடுதான் வரும். ஆனால் யோவான் சுவிசேஷம் இயேசுவை 'லோகோஸ்' என்கிறதே, அதுவும் கிரேக்கத் தத்துவவாதிகள் ஏற்கெனவே புழங்கிய சொல்தானே? அங்கே சரி, இங்கே மட்டும் கூடாது என்றால் எப்படி?

அடுத்த முறை கேட்டால் என் பதில் இது: அவதாரம் என்று சொல்லலாம். ஆனால் ஒரே முறை, வேஷம் இல்லை, முடியவும் இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லணும். சேர்க்காவிட்டால் நண்பர் மறுத்தது சரிதான்.