கைகாட்டி மரமும் கண்டிச் சீமையும்: திரைப்பாடலொன்றின் கவித்துவம்

மரபுவழிப் பண்டிதர் பலர் திரைப்பாடலைக் கவிதையென ஏற்கவில்லை. முற்போக்கு விமர்சகரோ பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை (1930-1959) மக்கள் கவிஞரெனப் போற்றினர். ஆயினும், அவர் பாடல்களிலிருந்து கருத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டு சொல்லமைதியைக் கைவிட்டனர். இதுவும் ஒருவகைப் புறக்கணிப்பே. பொதுவுடைமைக் கருத்தை உரைநடையிலும் கூறலாம், பாட்டு எதற்கு?

'நாடோடி மன்னன்' (1958) படத்தில், விளைச்சலின் பயன் எவரைச் சேர்கிறது என்பது குறித்து டி. எம். சௌந்தரராஜனும் பி. பானுமதியும் பாடும் பாடலை நோக்குவோம். பெண் குறை கூறுகிறாள். ஆண் ஆறுதல் சொல்கிறான். அவள் அவனை மச்சான் என விளிப்பதால், உபரி உழைப்பு பற்றிய வினா வீட்டுப் பேச்சாகிவிடுகிறது. அவள் கூற்றில் வரும் காடும் கைகால்களும் கண்ணாற் காணத்தக்கவை. அவன் தரும் விடையோ இனிவரும் காலம் என்பதே.

இப்பாடலிற் பிறிதோரிடத்திலே தொழிலாளி கைகாட்டி மரத்துக்கு ஒப்பிடப்படுகிறான். அவன் துயர் விரைவில் மாறும் என்ற நம்பிக்கையும் அதனோடு ஒட்டியே வருகிறது. கைகாட்டி மரம் பிறர் செல்லும் வழியைக் காட்டும். தான் நட்ட இடத்திலேயே நிற்கும். நம்பிக்கை ஒன்றைச் சொல்ல, உவமை வேறொன்றைச் சொல்கிறது. உவமையே உண்மைக்கு அண்மையிலுள்ளது என்பது என் கருத்து. கருத்தை மட்டும் தேடுவோர்க்கு இம்முரண் புலப்படாது.

கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் இம்முரணின் பொருள் மேலும் கூர்மையடைகிறது. திரையில் அந்த ஆறுதலைச் சொல்பவர் எம். ஜி. இராமச்சந்திரன், கண்டிப் பகுதியிற் பிறந்தவர். இலங்கை வானொலி திரைப்பாடல்களை லயங்கள்வரை கொண்டு சென்ற காலம் அது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்குக் 'காலம் வரும்' என்ற விடை எவ்வாறு ஒலித்திருக்கும்? 1964இல் வந்தது சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. கைகாட்டி மரங்களுட் பெரும்பகுதியைப் பிடுங்கி அனுப்புவதென முடிவாயிற்று.

இதனோடு, மலையகத்தில் நன்கறியப்பட்ட நாட்டார் பாடலொன்றை ஒப்பிடலாம். (இத்தகைய பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளைக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம்.) அப்பாடல் ஒரு மலையைச் சுட்டுகிறது. கோப்பிக் கன்று நட்டதும் அங்கேதான். தமையனைப் பறிகொடுத்ததும் அங்கேதான். இரண்டையும் ஒரே தொனியிற் கூறி, அதோ தெரிகிறது எனக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. தோட்ட வழக்கில் மலை என்பது வேலைத்தலத்தையும் குறிக்கும். எனவே இழப்பு நேர்ந்த இடத்துக்கே நாளையும் வேலைக்குச் செல்லவேண்டியிருக்கும். இதனை அப்பாடல் சொல்வதில்லை, அச்சொல் சொல்லிவிடுகிறது.

இங்கே ஆறுதல் கூற மச்சான் இல்லை. திரைப்பாடலுக்கு மெட்டும் கதையும் ஒரு விடையைக் கோரின. கல்யாணசுந்தரம் அதனைக் கொடுத்தார், கொடுத்தவாறே உவமையால் ஐயத்தையும் விதைத்தார். நாட்டார் பாடலுக்கு அக்கட்டாயம் இல்லை. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்து, அந்நிலத்தைத் தேயிலை மூடிய பின்னரும், கோப்பிக் கன்றின் பெயராலேயே அம்மலையைச் சுட்டி அப்பாடல் பாடப்பட்டு வந்தது.